ஹீமோஃபிலியா நோய்க்கு உறைவுக் காரணி ஊசி மருந்து: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஹீமோஃபிலியா என்பது இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களுள் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருப்பதால் ஏற்படும் நோய். குறைவாக உள்ள அந்தப் புரதத்தையே ஊசி வழியாகச் சிரைக்குள் செலுத்துவதுதான் உறைவுக் காரணி சிகிச்சை. மருத்துவமனைகளில் இம்மருந்தை ‘ஃபேக்டர்’ என்று சுருக்கமாகக் கூறுவர்.

இம்மருந்து உரிய நேரத்தில் செலுத்தப்பட்டால் இரத்தக்கசிவு நிற்கும், மூட்டுகள் காக்கப்படும், குழந்தை பள்ளிக்குச் செல்லும். மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், ‘வீக்கம் வரட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருந்ததால் முழங்கால் மடக்க இயலாமற்போனவர்கள் பலர் உள்ளனர். மருந்து எவ்வளவு முக்கியமோ, அது செலுத்தப்படும் நேரமும் அவ்வளவு முக்கியம்.

முக்கியச் செய்திகள்

• இரத்தக்கசிவு என்ற ஐயம் எழுந்தவுடனேயே ஊசி போட வேண்டும். இயன்றவரை 2 மணி நேரத்திற்குள் போடுவது நல்லது.
• தலையில் அடிபட்டால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் முதலில் ஊசி, அதன் பிறகே ஸ்கேன்.
• உங்கள் நோய் ‘ஏ’ வகையா, ‘பி’ வகையா என்பதைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு வகைக்கான மருந்து மற்றொரு வகைக்குப் பயன்படாது.
• ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளை உட்கொள்ளக் கூடாது. தசையில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.

நோயைப் பற்றிச் சில அடிப்படைகள்

காரணி 8 குறைவாக இருந்தால் ஹீமோஃபிலியா ஏ. காரணி 9 குறைவாக இருந்தால் ஹீமோஃபிலியா பி. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு ‘ஏ’ வகை காணப்படுகிறது. ‘பி’ வகை அதைவிட அரிது.

இரத்தத்தில் உள்ள காரணியின் அளவைக் கொண்டு நோயின் தீவிரம் வகுக்கப்படுகிறது. இயல்பான அளவில் 1 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்தால் கடுமையான வகை. 1 முதல் 5 விழுக்காடு வரை இருந்தால் நடுத்தர வகை. 5 முதல் 40 விழுக்காடு வரை இருந்தால் மிதமான வகை. கடுமையான வகையில் அடிபடாமலேயே மூட்டுகளிலும் தசைகளிலும் இரத்தம் கசியலாம். மிதமான வகையில் பல்லைப் பிடுங்கும்போதோ அறுவை சிகிச்சையின்போதோதான் நோய் வெளிப்படக்கூடும்.

இக்குறைபாட்டிற்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. எனவே பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் இதற்கு முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. அவர்களிடம் மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றியுள்ளது. ஆகவே தாயைக் குறைகூறுவதற்கு இதில் எதுவும் இல்லை. மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கும் காரணி அளவு குறைவாக இருக்கலாம். அதிக மாதவிடாய்ப் போக்கு உள்ளவர்களும் மகப்பேற்றை எதிர்நோக்குபவர்களும் அதனைக் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மருந்தின் வகைகள்

1. பிளாஸ்மாவிலிருந்து பெறப்படுபவை: கொடையாளர்களின் இரத்த நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, வைரஸ்களைச் செயலிழக்கச் செய்யும் முறைகளுக்கு உட்படுத்தப்பட்டவை.

2. மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரிக்கப்படுபவை: ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களிலிருந்து பெறப்படுபவை. ‘ரீகாம்பினன்ட்’ என்று மருந்துச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும்.

3. நீண்ட நேரம் செயற்படுபவை: உடலில் கூடுதல் நேரம் தங்குமாறு மாற்றியமைக்கப்பட்டவை. ஊசிகளின் எண்ணிக்கை இவற்றால் குறையும்.

காரணி மருந்து கிடைக்காத இடத்தில் பிளாஸ்மாவும் கிரையோபிரெசிபிடேட் எனும் இரத்தக் கூறும் பயன்படுத்தப்படுவதுண்டு. கிரையோபிரெசிபிடேட்டில் காரணி 8 உண்டு; காரணி 9 இல்லை. எனவே ‘பி’ வகை நோயாளிக்கு அது பயன் தராது. உங்கள் நோயின் வகையை நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்தக்கசிவை முன்கூட்டியே அறிவது எப்படி?

வெளிக்காயத்திலிருந்து வடியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்நோயில் பெரும்பாலான கசிவுகள் உடலுக்குள்ளேயே, முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளில் நிகழ்கின்றன. வீக்கம் தெரியும் நிலையில் மூட்டிற்குள் ஏற்கெனவே இரத்தம் நிறைந்திருக்கும். அதற்கு முன்பே உடல் சில குறிப்புகளைத் தரும்.

• மூட்டிற்குள் குறுகுறுப்பு, சூடு, இறுக்கம் போன்ற உணர்வு
• வழக்கம்போல் முழுமையாக நீட்டவோ மடக்கவோ இயலாமை
• சிறு குழந்தை ஒரு கையைப் பயன்படுத்தாமல் இருத்தல், நொண்டி நடத்தல், தவழ மறுத்தல், தூக்கினால் அழுதல்

பல ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்பவர் ‘உள்ளே ஏதோ செய்கிறது’ என்று கூறினால் அதனை நம்ப வேண்டும். வேறு சான்று தேவையில்லை.

ஊசிக்கு அஞ்சியோ, விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணியோ சில குழந்தைகள் வலியை மறைப்பார்கள். அடிபட்டதற்காகக் குழந்தையைத் திட்டினால் அடுத்த முறை அது உங்களிடம் சொல்லாது. ‘சொன்னது நல்லது’ என்று பாராட்டிவிட்டு ஊசி போடுங்கள். வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் இவ்வறிகுறிகளைச் சொல்லி வையுங்கள்.

தாமதம் ஏன் கூடாது?

மூட்டிற்குள் கசிந்த இரத்தத்தை மூட்டின் உட்சவ்வு உறிஞ்சுகிறது. இரத்தத்திலுள்ள இரும்புச்சத்து சவ்வில் படிந்து அதனைத் தடிக்கச் செய்கிறது. தடித்த சவ்வில் எளிதில் உடையும் புதிய இரத்தக்குழாய்கள் உருவாகின்றன. அவற்றிலிருந்து மீண்டும் இரத்தம் கசிகிறது. ஒரே மூட்டில் 6 மாதங்களுக்குள் 3 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தானாகக் கசிவு ஏற்பட்டால் அதனை ‘இலக்கு மூட்டு’ என்பர். இச்சுழற்சி தொடர்ந்தால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு நிலையாகவே இறுகிவிடும். அதன் பின்னர் எவ்வளவு மருந்து செலுத்தினாலும் பழைய மூட்டு திரும்பாது.

தொடக்கத்திலேயே போடப்படும் ஊசியால் கசிவு விரைவில் நிற்கும். பெரும்பாலும் மருந்தும் குறைவாகவே தேவைப்படும். காத்திருந்த பின் அதே மூட்டிற்குப் பல நாட்கள் மருந்தும், பல வாரங்கள் உடற்பயிற்சி சிகிச்சையும் தேவைப்படலாம். ‘மருந்தை மிச்சப்படுத்தலாம்’ என்று காத்திருப்பவர்கள் இறுதியில் கூடுதலான மருந்தையே செலவிட நேர்கிறது.

உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவுகள்

கீழ்க்கண்டவற்றில் எது ஏற்பட்டாலும், வீட்டில் மருந்து இருந்தால் உடனே செலுத்திவிட்டு, 108 ஆம்புலன்ஸ் வழியாகவோ வேறு வாகனத்திலோ மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

• தலை: அடிபட்டிருந்தால், அல்லது அடிபடாமலேயே கடும் தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டால். தலைக்குள் நிகழும் கசிவின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் சில நாட்கள் கழித்தும்கூட வெளிப்படலாம். எனவே குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

• கழுத்து, தொண்டை, நாக்கின் அடிப்பகுதி: வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும்.

• வயிறு, குடல்: கருநிற மலம், இரத்த வாந்தி, கடும் வயிற்றுவலி.

• இடுப்பின் உட்தசை: கவட்டையிலும் அடிவயிற்றிலும் வலி ஏற்பட்டு, தொடையை மடக்கியே வைத்திருக்கத் தோன்றும், நீட்டினால் வலிக்கும். வலப்புறம் ஏற்பட்டால் குடல்வால் அழற்சி என்று தவறாகக் கருதப்படலாம். உங்களுக்கு ஹீமோஃபிலியா உள்ளதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள்.

• முன்கை, கெண்டைக்கால்: தசை இறுகி, விரல்கள் மரத்துப்போனால் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் அழுத்தப்படுகின்றன என்று பொருள்.

• கண்: சிறிய அடியாயினும்.

மருந்தின் அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

உங்களுக்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்வார். எனினும் கணக்கின் அடிப்படையை நீங்கள் அறிந்திருந்தால், தவறு நேரும்போது உங்களால் கேள்வி எழுப்ப முடியும்.

காரணி 8: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் 1 அலகு செலுத்தினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும்.
காரணி 9: ஒவ்வொரு கிலோவிற்கும் 1 அலகு செலுத்தினால் ஏறத்தாழ 1 விழுக்காடு உயரும்.

எடுத்துக்காட்டாக, 30 கிலோ எடையுள்ள, கடுமையான ‘ஏ’ வகை கொண்ட சிறுவனுக்கு முழங்காலில் கசிவு ஏற்பட்டுள்ளது. மருத்துவர் 40 விழுக்காட்டை இலக்காகக் கொண்டால், 30 × 40 × 0.5 = 600 அலகுகள் தேவை. அதே எடையும் அதே இலக்கும் கொண்ட ‘பி’ வகைச் சிறுவனுக்கு 30 × 40 × 1 = 1,200 அலகுகள் தேவை. முதற்சிறுவனுக்குத் தலையில் அடிபட்டு, இலக்கு 100 விழுக்காடு எனக் கொள்ளப்பட்டால் 30 × 100 × 0.5 = 1,500 அலகுகள் தேவைப்படும்.

மருந்துக் குப்பிகள் 250, 500, 1,000 அலகுகள் போன்ற அளவுகளில் கிடைக்கின்றன. 600 அலகுகள் தேவைப்படும்போது 500 அலகுக் குப்பி ஒன்றும் 250 அலகுக் குப்பி ஒன்றும் கரைக்கப்பட்டு, 750 அலகுகளும் செலுத்தப்படலாம். திறந்த குப்பியிலுள்ள மருந்தை வீணாக்குவதில்லை.

காரணி 8 உடலில் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. காரணி 9 பாதியாகக் குறைய 18 முதல் 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே பெரிய கசிவுகளுக்குக் காரணி 8 பெரும்பாலும் 12 மணி நேரத்திற்கு ஒரு முறையும், காரணி 9 நாளுக்கு ஒரு முறையும் தரப்படும். வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருத்துவர் கூறிய அடுத்த ஊசியைத் தவிர்க்கக் கூடாது.

குழந்தையின் எடை கூடக்கூட அளவும் மாறும். மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடுப்பு முறைச் சிகிச்சை

கசிவு ஏற்பட்ட பின் ஊசி போடுவது ஒரு முறை. கசிவே ஏற்படாதவாறு குறிப்பிட்ட நாட்களில் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வது மற்றொரு முறை. கடுமையான வகை கொண்ட குழந்தைகளுக்கு இத்தடுப்பு முறையே சிறந்தது. மூட்டுகள் சேதமடையும் முன்னரே, இயன்றால் 3 வயதிற்குள், இதனைத் தொடங்குவது நல்லது.

வாரத்திற்கு 2 அல்லது 3 நாட்கள், கிலோவிற்கு 10 முதல் 15 அலகுகள் என்ற குறைந்த அளவில் தரப்படும் தடுப்பு முறையும், கசிவு ஏற்பட்ட பின் மட்டும் தரப்படும் சிகிச்சையைவிட நற்பயன் அளிக்கிறது. தடுப்பு ஊசியைக் காலையில் போடுவது நல்லது. நடமாட்டம் மிகுந்த பகற்பொழுதில் காரணி அளவு உயர்ந்திருக்கும். ஊசிக்கு இடைப்பட்ட நாட்களிலும் கசிவு நேரலாம். அப்போது அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் மருந்தைப் பாதுகாத்தல்

• 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்கவும். உறைநிலைப் பகுதியிலோ கதவின் அடுக்கிலோ வைக்க வேண்டாம். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.
• சில தயாரிப்புகளைக் குறிப்பிட்ட காலம் வரை அறை வெப்பத்தில் வைத்திருக்கலாம். அந்தக் கால அளவையும் வெப்ப அளவையும் பெட்டியிலுள்ள தாளில் பார்க்கவும். அவ்வாறு வெளியே எடுத்த நாளைப் பெட்டியின் மீது எழுதவும். மீண்டும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்.
• மருத்துவமனையிலிருந்து எடுத்துச் செல்லும்போது பனிப்பொதிகள் வைத்த பெட்டியைப் பயன்படுத்தவும். மருந்துப் பெட்டி பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதவாறு துணியால் சுற்றவும்.
• காலாவதி நாளை மாதந்தோறும் பார்க்கவும். முதலில் காலாவதியாகும் குப்பியை முதலில் பயன்படுத்தவும்.

ஊசி செலுத்தும் முறை

முதற்சில ஊசிகள் மருத்துவமனையிலேயே போடப்பட வேண்டும். செவிலியரிடம் முறையாகப் பயிற்சி பெற்று, அவர் முன்னிலையில் பலமுறை செய்து காட்டிய பிறகே வீட்டில் செலுத்தலாம். கீழுள்ளவை நினைவூட்டல் மட்டுமே, பயிற்சிக்கு மாற்றாகா.

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்தவும். தூய்மையான, வெளிச்சமான இடத்தில் பொருட்களை அடுக்கவும்.
2. மருந்தின் பெயர், அலகு, காலாவதி நாள் ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.
3. மருந்துக் குப்பியும் கரைக்கும் நீர்க் குப்பியும் அறை வெப்பத்திற்கு வரும்வரை காத்திருக்கவும். அடுப்பிலோ வெந்நீரிலோ சூடாக்க வேண்டாம்.
4. குப்பிகளின் ரப்பர் மூடியை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து உலர விடவும்.
5. பெட்டியுடன் வழங்கப்பட்ட நீரை மட்டுமே பயன்படுத்தி, தாளில் கூறியவாறு மருந்துக் குப்பிக்குள் செலுத்தவும்.
6. குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கரைக்கவும். குலுக்கினால் நுரைத்து மருந்தின் ஆற்றல் கெடும்.
7. கரைசல் கலங்கலாகவோ துகள்களுடனோ இருந்தால் பயன்படுத்த வேண்டாம். உடன் வழங்கப்பட்ட வடிகட்டி வழியாக மருந்தை ஊசிக்குழலில் எடுக்கவும்.
8. கட்டுப்பட்டை கட்டி, தோலைத் துடைத்து, இறக்கை வைத்த மெல்லிய ஊசியைச் சிரைக்குள் செலுத்தவும். இரத்தம் திரும்பி வருவதைப் பார்த்த பின் பட்டையைத் தளர்த்தவும்.
9. மெதுவாகச் செலுத்தவும். பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 3 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கு இன்னும் மெதுவாக.
10. ஊசியை எடுத்த பின் அவ்விடத்தைக் குறைந்தது 5 நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கவும். தேய்க்க வேண்டாம்.
11. கரைத்த மருந்தைத் தாளில் குறிப்பிட்ட நேரத்திற்குள், பெரும்பாலும் 3 மணி நேரத்திற்குள், பயன்படுத்திவிட வேண்டும். பிறகு போடலாம் என்று எடுத்து வைக்கக் கூடாது.
12. பயன்படுத்திய ஊசிகளைத் துளைக்க முடியாத மூடியுள்ள பெட்டியில் இட்டு மருத்துவமனையில் ஒப்படைக்கவும்.

சிரை கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்த நேர்ந்தால் நிறுத்திவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கரைத்த மருந்துடன் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற செவிலியருக்கும் சில நாட்களில் சிரை அகப்படுவதில்லை.

ஊசி போடும்போதோ போட்ட பின்போ தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி, அவசர சிகிச்சைக்குச் செல்லவும். இத்தகைய கடும் ஒவ்வாமை ‘பி’ வகையில், குறிப்பாக முதல் 20 ஊசிகளுக்குள், கூடுதலாகக் காணப்படுகிறது. எனவேதான் அவர்களுக்குத் தொடக்க ஊசிகள் மருத்துவமனையிலேயே போடப்படுகின்றன.

ஊசியுடன் செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்ட மூட்டிற்கு ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடங்கள் வைத்து எடுக்கவும். மீள்கட்டுத் துணியால் இறுக்கமின்றிச் சுற்றி, கை அல்லது காலை உயர்த்தி வைக்கவும். இவை ஊசிக்குத் துணையே தவிர மாற்று அல்ல. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

எண்ணெய் தடவி உருவுதல், நீவுதல், நாட்டுக்கட்டு போடுதல் ஆகியன கசிவை மிகுவிக்கும், தவிர்க்கவும். வலி அடங்கிய பின் உடலியக்க சிகிச்சையாளரின் அறிவுரைப்படி மெல்ல மெல்ல மூட்டை அசைக்கத் தொடங்க வேண்டும். நீண்ட நாள் அசைக்காமல் விடுவதும் மூட்டை இறுகச் செய்யும்.

வாயில் ஏற்படும் கசிவிற்கு டிரானெக்சாமிக் அமிலம் உதவும். சிறுநீரில் இரத்தம் வரும்போது அதனை உட்கொள்ளக் கூடாது. இரத்தம் சிறுநீர்ப் பாதையில் உறைந்து அடைப்பை உண்டாக்கலாம். அப்போது நிறைய நீர் அருந்தி, மருத்துவரை அணுகவும்.

மருந்து வேலை செய்யாமற்போனால்

வழக்கமான அளவு செலுத்தியும் கசிவு நிற்கவில்லையெனில், மருந்தை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உடலில் உருவாகியிருக்கலாம். இதனை ‘இன்ஹிபிட்டர்’ என்பர். கடுமையான ‘ஏ’ வகையினரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும், ‘பி’ வகையினரில் அதைவிடக் குறைவானோருக்கும் இது உருவாகிறது. பெரும்பாலும் முதல் 50 ஊசி நாட்களுக்குள் தோன்றும். இது எவருடைய தவறாலும் வருவதன்று. இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். தொடக்கக் காலத்தில் அடிக்கடியும், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னரும் இப்பரிசோதனை தேவை.

இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு, செயலூக்கப்பட்ட காரணி 7 போன்ற மாற்று வழி மருந்துகள் தரப்படுகின்றன. ‘ஏ’ வகையினருக்கு எமிசிசுமாப் எனும் மருந்தைத் தோலுக்கடியில் வாரம் ஒரு முறையோ, இரு வாரங்களுக்கு ஒரு முறையோ, நான்கு வாரங்களுக்கு ஒரு முறையோ செலுத்தலாம். அது கசிவைத் தடுப்பதற்கான மருந்து; ஏற்பட்டுவிட்ட கசிவை நிறுத்தாது. அம்மருந்தைப் பெறுபவர்களின் வழக்கமான உறைதல் பரிசோதனை முடிவுகள் தவறாக இயல்பெனக் காட்டும். மேலும் சில மாற்று வழி மருந்துகளை அதனுடன் சேர்த்தால் இரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் உண்டாகலாம். எனவே எமிசிசுமாப் பெறுவதை எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் தெரிவியுங்கள்.

முன்கூட்டியே திட்டமிட வேண்டியவை

பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை, காது குத்துதல், சுன்னத் ஆகிய எதுவாயினும் நாள் குறிப்பதற்கு முன் உங்கள் ஹீமோஃபிலியா மருத்துவரிடம் பேச வேண்டும். அழைப்பிதழ் அச்சிட்ட பிறகு வருவது காலங்கடந்தது. தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. தசைக்குப் பதிலாகத் தோலுக்கடியில் போட இயலுமா என்று கேட்டு, போட்ட இடத்தை 10 நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கவும். கல்லீரல் அழற்சி ஏ, பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் மிகவும் தேவையானவை.

குடும்பத்தில் இந்நோய் இருந்தால், கருவுற்றதும் மகப்பேறு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பிரசவத்தின்போது ஆயுதம் அல்லது உறிஞ்சு கருவி கொண்டு குழந்தையை எடுப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

இரவில் அவசர சிகிச்சைப் பிரிவிற்குச் சென்றால்

பணியிலிருக்கும் மருத்துவர் ஹீமோஃபிலியா நோயாளியை முன்னர் பார்த்திராதவராக இருக்கலாம். பதற்றத்தில் எதையும் மறந்துவிடாமலிருக்க, கீழ்க்கண்டவற்றை ஒரு அட்டையில் எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள்.

• நோயின் வகையும் தீவிரமும் (எடுத்துக்காட்டு: ஹீமோஃபிலியா ஏ, கடுமையான வகை)
• இரத்த வகை, தற்போதைய எடை
• இன்ஹிபிட்டர் உண்டா, இல்லையா. கடைசியாகப் பரிசோதித்த நாள்
• வழக்கமாகப் பெறும் மருந்து, அளவு, கடைசி ஊசியின் நாளும் நேரமும்
• சிகிச்சை பெறும் மையத்தின் தொலைபேசி எண்

வீட்டிலுள்ள மருந்தையும் எடுத்துச் செல்லுங்கள். ‘ஸ்கேன் முடிவு வரட்டும்’ என்று கூறப்பட்டால், ‘ஊசியைப் போட்ட பிறகு ஸ்கேன் எடுக்கலாமா? எங்கள் மையத்துடன் பேசுகிறீர்களா?’ என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நோயாளிகளிடமிருந்து இதனைக் கேட்டறிந்து உடனடியாகச் செயற்பட்ட மருத்துவர்கள் பலர்.

ஒவ்வொரு ஊசிக்கும் நாள், காரணம், எந்த மூட்டு, எத்தனை அலகுகள், மருந்தின் தொகுதி எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்யவும். குப்பியின் ஒட்டுத்தாளை அதிலேயே ஒட்டிவிடலாம். உங்கள் மருந்துத் தேவையை மருத்துவமனை கணக்கிடுவதற்கும் இக்குறிப்பேடு உதவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிக்கடி ஊசி போட்டால் உடல் பழகி, பின்னர் மருந்து வேலை செய்யாதா?
இல்லை. காரணி மருந்துக்கு உடல் அடிமையாவதில்லை. இன்ஹிபிட்டர் என்பது வேறு. தேவையான ஊசியைத் தவிர்ப்பது அதற்குத் தீர்வு அல்ல.

இம்மருந்தால் எச்.ஐ.வி. போன்ற தொற்று வருமா?
1980-களில், வைரஸ் நீக்கும் முறைகள் வருவதற்கு முன், உலகெங்கும் பல நோயாளிகள் அவ்வாறு பாதிக்கப்பட்டது உண்மை. இன்றைய காரணி மருந்துகள் கொடையாளர் பரிசோதனை, வைரஸ் நீக்கம் ஆகிய நிலைகளைக் கடந்து வருகின்றன. ரீகாம்பினன்ட் மருந்துகளில் காரணி கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பெறப்படுவதில்லை.

மகன் விளையாடலாமா?
விளையாட வேண்டும். வலுவான தசைகள் மூட்டுகளைக் காக்கும். நீச்சல், நடைப்பயிற்சி, மேசைப்பந்து ஆகியவை நல்லவை. கபடி, குத்துச்சண்டை போன்ற மோதல் விளையாட்டுகளைத் தவிர்க்கவும்.

சட்டப்படி ஏதேனும் பாதுகாப்பு உண்டா?
2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஹீமோஃபிலியா இடம்பெற்றுள்ளது. அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற விண்ணப்பிக்கலாம்.

மருந்து எங்கே கிடைக்கும்?
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஹீமோஃபிலியா சிகிச்சைப் பிரிவுகளை அணுகிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அருகிலுள்ள மையத்தை அறிய 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். கசிவு ஏற்படாத நாளிலேயே சென்று பதிவு செய்வது நல்லது. அவசர நாளில் உங்கள் விவரங்கள் அங்கே ஆயத்தமாக இருக்கும்.

நினைவில் கொள்க

ஹீமோஃபிலியா உள்ள குழந்தை முறையான சிகிச்சையுடன் படித்து, பணிபுரிந்து, முதுமை வரை வாழ இயலும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, ஐயம் எழும்போது காத்திராமல் ஊசி போடுவது. கசிவே இல்லாத நாளில் போட்ட ஊசியால் வீணாவது ஒரு குப்பி மருந்து. கசிவு உள்ள நாளில் போடாத ஊசியால் இழப்பது ஒரு மூட்டாக இருக்கலாம். ஓர் உயிராகவும் இருக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்குரிய மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.